மகனை என்.டி.டி. படிக்க வைக்கலாமா?

கொண்டலாம்பட்டியில் விசைத்தறி வைத்திருக்கும் ஒரு அண்ணன் கேட்டிருக்கிறார்: மகன் டிப்ளமா மெக்கானிக்கல் முடித்துவிட்டு வீட்டில் இருக்கிறான். சேலத்தில் ஒரு என்.டி.டி. பயிற்சி நிலையத்தில் ‘ஐந்து மெத்தட், லெவல் 2, முடித்த கையோடு வளைகுடாவில் பெட்ரோகெமிக்கல் ஆலையில் வேலை’ என்கிறார்கள். சேர்க்கலாமா? அது என்ன வேலை? கதிர்வீச்சு உடம்பைக் கெடுத்துவிடாதா? நம்ம பக்கமே வேலை கிடைக்காதா?

அண்ணா, நான் ஓமலூர் பக்கத்துக்காரன். பல வருடங்களாக இதே தொழில்தான். மணலி, ஜாம்நகர், சவூதியின் ஜுபைல் என்று ஷட்டவுன் ஷட்டவுனாக, அதாவது ஆலையை நிறுத்திப் பழுது பார்க்கும் நாட்களிலெல்லாம், சுற்றியிருக்கிறேன். வேலை நல்ல வேலை, பையனுக்குப் பிடித்திருந்தால் தாராளமாகச் சேர்த்துவிடுங்கள். ஆனால் அந்த நிலையம் சொல்லும் கணக்கை நம்பிச் சேர்க்க வேண்டாம். ஏன் என்று விவரமாகவே சொல்கிறேன்.

ஒரு எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலைக்குள் கிலோமீட்டர் கணக்கில் குழாய் ஓடும். கலன்கள், தொட்டிகள், வெப்பப் பரிமாற்றிகள் எல்லாம் அதோடு சேர்த்தி. உள்ளே கொதிக்கும் எண்ணெய், கந்தகம் கலந்த வாயு, ஹைட்ரஜன், அமிலம். வெளியே பெயின்ட் புதிதாகத் தெரியும், உள்ளே சுவர் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்துகொண்டிருக்கும், அல்லது வெல்டு ஓரத்தில் மயிரிழை விரிசல் ஓடிக்கொண்டிருக்கும். அறுத்துப் பார்த்தால் தெரிந்துவிடும். அறுத்த குழாயை வைத்து ஆலையை ஓட்ட முடியாதே. அதனால் அறுக்காமல், உடைக்காமல், முடிந்தவரை ஆலையை நிறுத்தாமல் உள்ளே என்ன நடக்கிறது என்று கண்டுபிடிப்பதுதான் இந்த வேலை. சிதைவில்லாச் சோதனை என்பார்கள். எல்லார் வாயிலும் என்.டி.டி. என்றால்தான் வரும்.

லெவல் என்பது தேர்ச்சிப் படி, மெத்தட் என்பது சோதனை முறை. ஐந்து மெத்தட் என்று அவர்கள் சொல்வது பெரும்பாலும் கண்ணால் பார்ப்பது, சாயம் அடித்துப் பார்க்கும் டை பெனட்ரன்ட், காந்தத் துகள், ஒலியை அனுப்பிப் பார்க்கும் அல்ட்ராசானிக், கதிர்வீச்சால் உள்ளே படம் எடுக்கும் ரேடியோகிராஃபி. கண்ணால் பார்ப்பதும் ஒரு மெத்தடா என்று நினைக்காதீர்கள். நல்ல டார்ச்சும் பொறுமையும் உள்ள ஒருவர் பாதிப் பிரச்சினையை அதிலேயே பிடித்துவிடுவார்.

டை பெனட்ரன்ட் எப்படி என்று சொல்கிறேன், உங்கள் பையன் முதலில் கையில் எடுப்பது அதுவாகத்தான் இருக்கும். வெல்டைச் சுத்தமாகத் துடைத்து, சிவப்புத் திரவத்தை அடிக்க வேண்டும். அது விரிசலுக்குள் தானாக இறங்கும். ஐந்து, பத்து நிமிடம் ஊற விட வேண்டும். அப்புறம் மேலே இருக்கும் சிவப்பைத் துடைத்து எடுக்க வேண்டும். அவசரக்காரர்கள் இங்கேதான் தவறுவார்கள். கிளீனரை நேராக வெல்டின் மேல் பீய்ச்சி அடித்துவிட்டால், விரிசலுக்குள் இறங்கிய சாயமும் கழுவிக்கொண்டு போய்விடும். துணியில் கிளீனரை நனைத்துத்தான் துடைக்க வேண்டும். பிறகு வெள்ளை டெவலப்பரை மெல்லிசாக அடித்துவிட்டுக் காத்திருந்தால், விரிசல் இருக்கும் இடத்தில் வெள்ளையின் மேல் சிவப்புக் கோடு கசிந்து வரும். முதலில் ஊசி முனை மாதிரி ஒரு புள்ளி, பிறகு இன்னொன்று, அப்புறம் இரண்டும் சேர்ந்து ஒரு கோடு. முதல் முறை பார்க்கும்போது உடம்பு சிலிர்க்கும். ஒரு நிமிடம் முன்னால் வரை அந்த வெல்டு குறையே இல்லாததாகத்தான் தெரிந்தது.

காந்தத் துகள் சோதனை இதைவிட வேகம். மேற்பரப்புக்குச் சற்றுக் கீழே இருப்பதையும் காட்டும். ஆனால் காந்தம் பிடிக்கும் உலோகத்துக்கு மட்டும்தான் செல்லும். சேலத்துக்காரர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். சேலம் உருக்காலை ஊருக்குப் பேர் வாங்கிக் கொடுத்ததே ஸ்டெயின்லெஸ் தகட்டில்தான். 304 வகைத் தகட்டில் காந்தத்தை வைத்தால் ஒட்டாது என்பது பாத்திரக்கடைப் பையனுக்குக்கூடத் தெரியும். ஆலையிலும் அந்த வகை ஸ்டெயின்லெஸ் குழாய்க்கு டை பெனட்ரன்ட்தான். அதிலும் ஒரு எச்சரிக்கை உண்டு. அந்தத் திரவத்தில் குளோரைடு கூடுதலாக இருக்கக் கூடாது. ஸ்டெயின்லெஸ் துருப்பிடிக்காது என்பார்கள். ஆனால் குளோரைடும் சூடும் இழுவிசையும் ஒன்று சேர்ந்தால், சுவர் தேயாமலே மரக்கிளை மாதிரி கிளைவிட்டு விரிசல் ஓடிவிடும். சோதனைக்கு அடித்த திரவமே நோயைக் கொடுத்துவிடக் கூடாது அல்லவா?

ஓடிக்கொண்டிருக்கும் ஆலையில் அதிகம் நடப்பது அல்ட்ராசானிக் தடிமன் அளவு. ‘திக்னஸ் எடுக்கிறது’ என்போம். குழாயின் மேல் கொஞ்சம் ஜெல் தடவி, கருவியின் உணர்முனையான புரோபை வைத்தால், ஒலி உள்ளே போய் மறுசுவரில் பட்டுத் திரும்பும் நேரத்தைக் கணக்கிட்டு, மில்லிமீட்டரில் எண் காட்டும். இரும்பில் ஒலி நொடிக்கு ஏறக்குறைய 5,900 மீட்டர் போகும். ரொம்பச் சுலபம், ஒரு மணி நேரத்தில் யாருக்கும் கற்றுக்கொடுத்துவிடலாம். ஆனால் அந்த எண்ணை நம்பலாமா என்று சொல்ல வருடங்கள் ஆகும். குழாய் சூடாக இருந்தால் ஒலி மெதுவாகப் போகும், கருவி தடிமனைக் கூட்டிக் காட்டும். தோராயமாக 55 டிகிரிக்கு ஒரு சதவீதம். 250 டிகிரியில் ஓடும் குழாயின் உண்மையான தடிமன் 8 மில்லிமீட்டர் என்றால், திருத்தம் போடாத கருவி 8.3 என்று காட்டும். அந்தக் குழாய் வருடத்துக்கு 0.2 மில்லிமீட்டர் தேய்கிறது என்று வையுங்கள். ஒன்றரை வருடத் தேய்மானம் கண்ணில் படாமலே போய்விடும். பெயின்ட் மேல் வைத்து அளந்தாலும் இதே கதைதான். பெயின்டில் ஒலி மெதுவாகப் போவதால், 0.2 மில்லிமீட்டர் பெயின்டை அரை மில்லிமீட்டர் இரும்பாகக் கணக்குக் காட்டிவிடும்.

இப்படி எடுத்த எண்ணை வைத்துக் கணக்குப் போட வேண்டும். ஆறு வருடம் முன்பு 9.5, இன்று 8.3 என்றால் வருடத்துக்கு 0.2 தேய்ந்திருக்கிறது. அழுத்தத்தைத் தாங்கக் குறைந்தது 5.5 வேண்டும் என்றால் மிச்சம் 2.8. பதினான்கு வருட ஆயுள். சரி, பதினான்கு வருடம் கழித்து வந்து பார்க்கலாம் என்று விட்டுவிட முடியாது. குழாய்களுக்கு உலகம் முழுக்கப் பின்பற்றப்படும், அமெரிக்கப் பெட்ரோலியக் கழகத்தின் ஏ.பி.ஐ. 570 என்ற விதிநூல், மிச்ச ஆயுளில் பாதிக்குள் மறுபடி அளக்கச் சொல்கிறது. உடைந்தால் பெரிய ஆபத்து வரக்கூடிய குழாய் என்றால் ஐந்து வருடத்துக்கு மேல் விடவே கூடாது. கலன்களுக்கு ஏ.பி.ஐ. 510, தொட்டிகளுக்கு 653. நம் நாட்டில் எண்ணெய்த் துறைக்கு, அதன் பாதுகாப்பு இயக்ககமான ஓ.ஐ.எஸ்.டி. வகுத்த 128, 129, 130 என்ற தரநிலைகளும் உண்டு.

நான் உங்களுக்கு முக்கியமாகச் சொல்ல வந்தது இனிமேல்தான். கருவி பிடிக்கத் தெரிந்த ஆட்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். எங்கே பிடிக்க வேண்டும் என்று தெரிந்தவர்கள்தான் குறைவு.

2012 ஆகஸ்ட் 6, கலிபோர்னியாவில் ரிச்மண்ட் என்ற ஊரில் செவ்ரான் சுத்திகரிப்பு ஆலையில் எட்டு அங்குலக் குழாய் ஒன்று கிழிந்து, எரியும் தன்மையுள்ள ஆவிமேகம் பரவித் தீப்பிடித்தது. மேகத்துக்குள் சிக்கிய 19 பணியாளர்கள் மயிரிழையில் தப்பினார்கள். சுற்றுவட்டாரத்தில் ஏறக்குறைய 15,000 பேர் மருத்துவமனைகளுக்குப் போனார்கள். அந்தக் குழாய்த்தொடரில் தடிமன் அளக்காமல் இல்லை. அளந்துகொண்டுதான் இருந்தார்கள். ஆனால் அளந்த இடங்களில் இருந்த துண்டுகளில் சிலிக்கான் போதுமான அளவு இருந்தது, கிழிந்த துண்டில் மிகக் குறைவு. 1976-இல் போட்ட பழைய குழாய். சூடான எண்ணெயில் உள்ள கந்தகம், சிலிக்கான் குறைந்த கார்பன் ஸ்டீலைப் பல மடங்கு வேகமாகத் தின்னும். பக்கத்துத் துண்டுகளின் எண்கள் ஓரளவு நன்றாகவே இருக்க, இந்த ஒரு துண்டு மட்டும் காகிதமாகிக்கொண்டிருந்தது.

ஏழு வருடம் கழித்து, 2019 ஜூன் 21, அதே அமெரிக்காவில் பிலடெல்பியா சுத்திகரிப்பு ஆலை. இம்முறை ஹைட்ரோஃபுளோரிக் அமிலம் கலந்த ஹைட்ரோகார்பன் ஓடிய குழாயில் ஒரு எல்போ, அதாவது குழாய் திரும்பும் இடத்து வளைவுத் துண்டு. செம்பும் நிக்கலும் கூடுதலாக இருந்த பழைய இரும்பு, அமிலம் அதை மட்டும் வேகமாக அரித்தது. உடைந்தபோது அதன் மிக மெல்லிய இடம் 0.3 மில்லிமீட்டர்தான் இருந்தது என்று விசாரணையில் தெரிந்தது. ஒட்டியிருந்த குழாய்ப் பகுதிகளை அளந்தார்கள், அந்த எல்போவை அளக்கவில்லை. வெடித்ததில் ஒரு கலனின் பதினேழு டன் துண்டு ஆற்றைத் தாண்டிப் போய் விழுந்தது. உயிரிழப்பு இல்லாமல் போனது பெரும் அதிர்ஷ்டம். அந்த ஆலை அதோடு மூடப்பட்டது.

அண்ணா, வேட்டியின் கரையை மட்டும் விரித்துப் பார்த்துவிட்டு மொத்தப் பீஸும் சுத்தம் என்று நீங்கள் சீட்டு எழுத மாட்டீர்கள். இந்த இரண்டு இடத்திலும் நடந்தது அதுதான். எந்த உலோகம், உள்ளே என்ன ஓடுகிறது, என்ன சூட்டில், எங்கே திரும்புகிறது, எங்கே தேங்குகிறது என்று தெரிந்தவனுக்குத்தான் புரோபை எங்கே வைப்பது என்று தெரியும். டிப்ளமாவில் உலோகவியல் பாடத்தை ஒப்புக்குப் படித்துவிட்டு வந்திருந்தால், பையனை அந்தப் புத்தகத்தைத் திரும்ப எடுக்கச் சொல்லுங்கள். சேதம் எந்தெந்த வழியில் வரும் என்பதையே ஏ.பி.ஐ. 571 என்று தனி நூலாகப் போட்டிருக்கிறார்கள். லெவல் 2 சீட்டை விட அந்த ஒரு நூல் அவனுக்குச் சோறு போடும்.

இன்சுலேஷனுக்கு அடியில் வரும் துரு இதற்கு நல்ல உதாரணம். சூடான குழாயைச் சுற்றிப் பஞ்சு வைத்து, மேலே அலுமினியத் தகடு போட்டிருப்பார்கள். தகட்டின் இணைப்பில் மழைத்தண்ணீர் இறங்கினால் பஞ்சு ஊறிக்கொள்ளும், வெளியேற வழியிருக்காது. பூஜ்யத்துக்குக் கீழே 12 முதல் 175 டிகிரி வரை ஓடும் கார்பன் ஸ்டீலுக்கு இது பெரிய எமன். வெளியிலிருந்து பார்த்தால் தகடு மினுமினுக்கும். அனுபவசாலி முதலில் ஏணியோ தாங்கியோ தகட்டைத் துளைத்துப் போகும் இடங்களையும், செங்குத்துக் குழாயின் அடிப்பகுதியையும்தான் பார்ப்பார், தண்ணீர் நுழைவதும் தங்குவதும் அங்கேதான். முழுதும் பிரிக்காமல் பார்க்க பல்ஸ்டு எடி கரன்ட், கைடட் வேவ், புரொஃபைல் ரேடியோகிராஃபி என்று முறைகள் வந்துவிட்டன. எதுவாக இருந்தாலும் எங்கே சந்தேகப்படுவது என்பதை மனுஷன்தான் முடிவு செய்ய வேண்டும்.

இன்னொன்றும் சொல்லியாக வேண்டும், கசப்பாக இருந்தாலும். ஒரு ஆலையில் பழைய ரிப்போர்ட்டுகளைப் புரட்டிக்கொண்டிருந்தேன். உயரத்தில் ஓடும் ஒரு குழாய்க்கு அடுத்தடுத்த ரிப்போர்ட்டுகளில் அளந்த எல்லா இடத்திலும் ஒரே எண்ணோ, தசமத்தில் ஒரு புள்ளி வித்தியாசமோதான் இருந்தது. நிஜக் கருவி அப்படிக் காட்டாது. ஒருவரே மறுநாள் அளந்தாலும் கொஞ்சம் ஏறி இறங்கும். சாரம் கட்டிய பதிவு எங்கே என்று கேட்டேன், இல்லை. சாரமே கட்டாமல் பத்து மீட்டர் உயரத்தில் எப்படி அளந்தார்கள்? சைட் ஆபீஸில் உட்கார்ந்து, பழைய ரிப்போர்ட்டைப் பார்த்து எழுதியிருக்கிறார்கள். சாரம் கட்டி ஏறி அளந்ததும், அந்த லைனில் ஒரு எல்போவை மாற்ற வேண்டியதாயிற்று. ஷட்டவுனில் நேரம் நெருக்கும். மேலிருந்து ‘ரிப்போர்ட்டைப் போடுப்பா’ என்று சத்தம் போடுவார்கள். அங்கே நின்று, அளக்காததை அளக்கவில்லை என்று எழுதத் தைரியம் வேண்டும். இதை எந்தப் பயிற்சி நிலையமும் சொல்லித் தராது, வீட்டிலிருந்துதான் வர வேண்டும். தறியில் ஒரு இழை அறுந்தால் ஓட்டத்தை நிறுத்திக் கட்டும் வீட்டில் வளர்ந்த பையனுக்கு அது வரும் என்று நம்புகிறேன்.

கதிர்வீச்சு பற்றி நீங்கள் பயப்படுவது நியாயம்தான். ரேடியோகிராஃபிக்குப் பெரும்பாலும் இரிடியம்-192 பயன்படும். 74 நாளில் அதன் வீரியம் பாதியாகும். சோர்ஸ் என்று நாங்கள் சொல்லும் அந்தச் சின்ன உலோகத் துண்டு, கேமரா எனப்படும் கனமான கவசப் பெட்டிக்குள் இருக்கும். படம் எடுக்கும் சில நிமிடங்களுக்கு மட்டும், கேபிள் மூலம் தூரத்தில் நின்று அதை வெளியே தள்ளித் திரும்ப இழுப்போம். பணியாளருக்கு இந்திய அணுசக்தி ஒழுங்குமுறை வாரியம் வைத்திருக்கும் வரம்பு ஐந்து வருட சராசரியில் வருடத்துக்கு 20 மில்லிசீவர்ட். உடம்பு வாங்கும் கதிர்வீச்சை அளக்கும் அலகு அது. எந்த ஒரு வருடத்திலும் 30-ஐத் தாண்டக் கூடாது. இருபது கியூரி வீரியமுள்ள இரிடியம் சோர்ஸுக்கு ஒரு மீட்டர் தூரத்தில் கவசம் இல்லாமல் நின்றால், அந்த 20 மில்லிசீவர்ட் ஏறக்குறையப் பன்னிரண்டு நிமிடத்தில் ஏறிவிடும். தூரம் இரட்டித்தால் அளவு கால்பங்காகும், பத்து மீட்டருக்குப் போனால் நூறில் ஒரு பங்கு. அதனால்தான் கயிறு கட்டி, விளக்கு வைத்து, ஆட்கள் குறைந்த இரவு நேரத்தில் எடுக்கிறோம்.

வாங்கிய கதிர்வீச்சை அளக்க உடம்பில் மாட்டிக்கொள்ளும் பேட்ஜ் ஒன்று உண்டு, முறைப்படி செய்பவர்களின் பேட்ஜில் ஏறும் அளவு வரம்புக்கு வெகு கீழேதான் இருக்கும். ஆபத்து வருவது, சோர்ஸ் பெட்டிக்குள் திரும்பிவிட்டதா என்று கதிர்வீச்சு அளக்கும் சர்வே மீட்டரால் பார்க்காமல் போகும்போது. 1999-இல் பெரு நாட்டில் யானாங்கோ என்ற இடத்தில், கேமராவிலிருந்து கழன்று விழுந்த இரிடியம் சோர்ஸை என்னவென்று தெரியாமல் ஒரு வெல்டர் எடுத்து பேன்ட் பின்பாக்கெட்டில் போட்டுக்கொண்டார். சில மணி நேரம்தான். ஒரு காலையே எடுக்க வேண்டியதாயிற்று. ஆகவே பையன் ரேடியோகிராஃபி பக்கம் போவதாக இருந்தால் பாபா அணு ஆராய்ச்சி மையத்தின் அங்கீகாரமுள்ள பயிற்சியை முடித்து, தன் பேரில் டி.எல்.டி. பேட்ஜ் வாங்கிக்கொண்டுதான் சோர்ஸ் பக்கம் போக வேண்டும். ‘பேட்ஜ் அப்புறம் வரும், இப்போ வேலையைப் பார்’ என்று எந்த கான்ட்ராக்டர் சொன்னாலும் அங்கிருந்து கிளம்பிவிட வேண்டும். இதில் தயவுதாட்சண்யமே வேண்டாம். ரேடியோகிராஃபியே வேண்டாம் என்றாலும் குறையில்லை. இப்போது வெல்டுச் சோதனையில் ஃபேஸ்டு அரே, டி.ஓ.எஃப்.டி. என்ற அல்ட்ராசானிக் முறைகள் நிறைய இடங்களில் ரேடியோகிராஃபியின் வேலையைச் செய்கின்றன.

அடுத்து, அந்த ‘லெவல் 2’ சான்றிதழ். பெரும்பாலான நிலையங்கள் கொடுப்பது அமெரிக்காவின் எஸ்.என்.டி-டி.சி-1ஏ என்ற பரிந்துரையை ஒட்டியது. அந்தப் பரிந்துரைப்படி சான்றளிக்க வேண்டியவர் வேலை கொடுப்பவர். பயிற்சி மணி, தேர்வு, கண் பரிசோதனை இவற்றோடு களத்தில் வேலை பார்த்த மணிக்கணக்கும் வேண்டும். டை பெனட்ரன்டுக்குப் பயிற்சி சில மணி நேரம் போதும். அல்ட்ராசானிக்குக்கு லெவல் 1-க்கு 40 மணி, லெவல் 2-க்கு இன்னும் 40 மணி, அதோடு நூற்றுக்கணக்கான மணி நேரக் கள அனுபவம். ஐந்து மெத்தடையும் ஒரே மூச்சில் முடித்த பையனிடம் அந்த அனுபவம் எப்படி இருக்கும்? அந்தச் சீட்டை வைத்துக்கொண்டு நேராக வளைகுடா போக முடியாது. போனாலும் அங்கே பெரிய ஆலைகள் தங்கள் தேர்வை வைக்கும், கையில் ஒரு வெல்டுத் துண்டைக் கொடுத்துக் குறையைக் காட்டச் சொல்வார்கள். பொய் அனுபவக் கடிதம் தருகிறேன் என்று யாராவது சொன்னால், அந்தப் பக்கமே போக வேண்டாம். அனுபவம் வந்தபிறகு ஐ.எஸ்.ஓ. 9712 அடிப்படையிலான சான்றிதழ் எடுத்தால், வேலை மாறினாலும் மதிப்பு கூடவே வரும். அப்புறம் ஏ.பி.ஐ. தேர்வுகள். டிப்ளமாவோடு இரண்டு வருட இன்ஸ்பெக்‌ஷன் அனுபவம் இருந்தால் எழுதலாம்.

அந்த அனுபவத்துக்கு எங்கே போவது என்றால், முதல் இரண்டு வருடத்துக்கு வெளிநாடு தேவையே இல்லை. திருச்சியில் பி.எச்.இ.எல்.-ஐச் சுற்றி ஃபேப்ரிகேஷன் பட்டறைகள் வரிசையாக இருக்கின்றன. ஒரே நாளில் அங்கே பார்க்கும் வெல்டு வேறெங்கும் கிடைக்காது. அங்குள்ள வெல்டிங் ஆராய்ச்சி நிலையத்திலும் என்.டி.டி. பயிற்சி நடக்கிறது, விசாரித்துப் பாருங்கள். நம்ம பக்கம் மேட்டூர் அனல்மின் நிலையத்தில் பாய்லர் டியூப் தடிமன் எடுக்கும் வேலை வருடாந்திர நிறுத்தத்தில் வரும். மேட்டூரிலேயே ரசாயன ஆலைகள் இருக்கின்றன. சங்ககிரியில் எண்ணெய் நிறுவனங்களின் டெர்மினலில் பெரிய தொட்டிகள் இருக்கின்றன. தொட்டியின் அடித்தட்டு மண்ணைத் தொடும் பக்கத்தில் எப்படி அரிக்கிறது, அதைக் காந்தப்புலக் கசிவு ஸ்கேனர் வைத்து எப்படிப் பார்க்கிறார்கள் என்று அங்கே ஒரு தொட்டி வேலையில் உதவியாளாக நின்றால் தெரிந்துவிடும். நாமக்கல் பக்கம் போனால் எரிவாயு டேங்கர் லாரிகள். அந்தக் கலன்களுக்கும் சட்டப்படிக் குறித்த காலத்தில் சோதனை உண்டு. எல்லாம் கான்ட்ராக்ட் கம்பெனிகள் மூலம்தான் நடக்கும். ஆரம்பச் சம்பளம் குறைவு, அதைத் தெரிந்துகொண்டே போக வேண்டும்.

உடம்புக்குக் கஷ்டமான வேலை என்பதையும் பையனிடம் சொல்லிவிடுங்கள். ஷட்டவுன் வந்தால் பன்னிரண்டு மணி நேர ஷிப்ட், தீபாவளியா பொங்கலா என்று பார்க்க முடியாது. உயரம் ஏற வேண்டும், கலனுக்குள் மேன்ஹோல் வழியாகத் தவழ்ந்து நுழைய வேண்டும். உள்ளே போவதற்கு முன் ஆக்சிஜன் அளவு 19.5 சதவீதத்துக்கு மேல் இருக்கிறதா, விஷவாயு இருக்கிறதா என்று அளந்து, பர்மிட்டில் கையெழுத்தாகி, வெளியே ஒரு ஆள் காவலுக்கு நின்றால்தான் கால் வைக்க வேண்டும். தலைக்கு மேல் வேலை இருக்கும் நாளிலும் இதில் குறுக்குவழி கிடையாது.

பணம் கட்டும் முன் இவ்வளவு செய்யுங்கள். பையனோடு நீங்களும் அந்த நிலையத்துக்குப் போய், பாடம் எடுப்பவர் யார், அவர் லெவல் 3-ஆ, கடைசியாக எந்த ஆலையில் வேலை பார்த்தார் என்று கேளுங்கள். குறையுள்ள வெல்டுத் துண்டுகள் எத்தனை வைத்திருக்கிறார்கள், அல்ட்ராசானிக் கருவியை ஒவ்வொரு பையனும் தன் கையில் எத்தனை மணி நேரம் பிடிப்பான் என்று கேளுங்கள். முன்பு படித்த இரண்டு பையன்களின் போன் நம்பர் வாங்கி நீங்களே பேசுங்கள். ஐந்து மெத்தட் வேண்டாம், டை பெனட்ரன்ட், காந்தத் துகள், அல்ட்ராசானிக் மூன்றுக்கு மட்டும் கட்டணம் எவ்வளவு என்று கேளுங்கள். அதற்கும் முன்னால் பையனைக் கண் டாக்டரிடம் கூட்டிப்போய், பக்கத்தில் இருப்பதைப் பார்க்கும் திறனும் நிறம் பிரித்தறியும் திறனும் சோதித்துவிடுங்கள். சிவப்பைச் சரியாகப் பார்க்க முடியாதவனுக்கு இந்தத் தொழிலில் கஷ்டம், அது கட்டணம் கட்டிய பிறகு தெரியவரக் கூடாது.

மூன்று மெத்தட் முடித்ததும் எழுதுங்கள் அண்ணா. எந்தப் பட்டறையில் கேட்டுப் பார்க்கலாம் என்று அப்போது சொல்கிறேன்.